பத்துக்கு அப்புறம் கட்

என் மகள் விழுந்தபோது நான் ஏன் உடனே ஓடவில்லை?

இந்தக் கேள்வியை ரயிலில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாத்திரம் துலக்கும்போது, துணி உதறிக் காயப்போடும்போதெல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானமாக இருக்கும். அதனால் நடந்ததை முதலில் இருந்து எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு கோலார் தங்க வயலில், நந்திதுர்க் பக்கம், சுரங்க வேலைக்காரர்களுக்காகக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. நான், என் கணவர், மாமியார், மூன்றரை வயது மகள் என்று நான்கு பேர். கணவருக்குப் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்டும் ஏசியும் பராமரிக்கிற வேலை. நானும் பிரசவத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு அலுவலகத்துக்குப் போய்வந்தவள்தான். பி.காம். முடித்திருக்கிறேன். போன வருஷம் அதே பெங்களூரில் ஒரு திரைப்படப் பள்ளியில் ஒரு வருடப் படிப்பில் சேர்ந்தேன்.

ஏன் சேர்ந்தாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னேன். வேலை கிடைக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். கல்யாண வீடியோ எடுக்கலாம் என்று மாமியாரிடம் சொன்னேன். உண்மையான காரணம் சின்னது, சொன்னால் சிரிப்பார்கள். மகள் பிறந்ததிலிருந்து போனில் அவளை எடுத்துக்கொண்டே இருந்தேன். அவற்றில் ஒன்றுகூட நான் கண்ணால் பார்த்தது மாதிரி இல்லை. அவள் முதன்முதலில் சுவரைப் பிடித்து நின்றபோது எனக்கு மூச்சு நின்றது. வீடியோவில் ஒரு குழந்தை சுவரைப் பிடித்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் எங்கே தொலைகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

மாமியார் எதிர்ப்பார் என்று ஒரு வாரம் பேச்சை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எத்தினி மணிக்கு ரயிலு?"

"விடிஞ்சதும் கிளம்பணும் அத்த. வாரத்துல நாலு நாள்."

"அப்போ எனக்கு பஸ்ட் ஷிப்ட்டு, உனக்கு செகண்ட் ஷிப்ட்டு. லேட்டா வந்தினா ஓவர்டைம் எய்திக்குவேன்."

அவர் வீட்டுக்காரர், என் மாமனார், சுரங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் காலமாகிவிட்டார். ஆனாலும் அத்தைக்கு நாள் என்பது இன்றும் ஷிப்ட்தான். சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகளைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிடுவார். "இந்தா, ஷிப்ட் மாத்து. சாப்டா, கக்கா போயிட்டா, பக்கத்து வூட்டு பையனைக் கடிச்சி வெச்சிகீறா." அறிக்கை முடிந்ததும் உள்ளே போய்விடுவார்.

வகுப்பில் எல்லாரும் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். முதல் நாளே எனக்கு "அக்கா" என்று பெயர் வைத்தார்கள். ஊர் பெயரைச் சொன்னதும், "அக்கா, வீட்ல தோண்டினா தங்கம் வருமா?" என்றார்கள். "தோண்டிப் பாத்தோம், தண்ணி பைப்புதான் வந்துச்சு" என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள். கேமரா சொல்லிக்கொடுத்த ஆசிரியையே என்னைவிட இரண்டு வயது இளையவர். ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் புரியும், பேசமாட்டார்; எங்களிடம் கன்னடம்தான்.

அவர் முதல் வாரத்தில் சொன்ன விஷயம் இதுதான். ஒரு ஷாட்டில் நடக்க வேண்டியது நடந்து முடிந்ததும் கேமராவை நிறுத்தாதீர்கள். மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். அப்புறம் நிறுத்துங்கள். எடிட் செய்யும்போது அந்தப் பத்து எண்ணிக்கைதான் உங்களைக் காப்பாற்றும். ஆள் போன பிறகு கதவு எப்படி இருக்கிறது என்பது அதில்தான் கிடைக்கும்.

கேட்க எளிதாக இருந்தது. செய்ய வரவில்லை. என் கை நாலிலேயே நிறுத்திவிடும். குழந்தை எழுந்திருக்குமோ, பால் பொங்கியிருக்குமோ என்று இந்த மூன்று வருஷமாக எதையும் நாலுக்கு மேல் பார்த்துப் பழகாத கை. ஆசிரியை என் ஷாட்டுகளைப் போட்டுவிட்டு, "உங்களுக்கு எங்கே போகணும்னு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ரயிலில் பங்காரப்பேட்டை வரும்வரை எனக்கு முகம் சுட்டுக்கொண்டிருந்தது.

அதனால் வீட்டில் பழகினேன். சனி, ஞாயிறுகளில் பள்ளியிலிருந்து கேமராவை எடுத்துவர அனுமதி உண்டு. கொடியில் ஆடும் துணியை எடுப்பேன், வாசலில் படுத்திருக்கும் நாயை எடுப்பேன். முடிந்ததும் வாய்விட்டு எண்ணுவேன். மகள் என் காலருகில் நின்று கூடவே எண்ணுவாள். பத்து வந்ததும் இருவரும் சேர்ந்து "கட்!" என்று கத்துவோம். அவள் எண் கற்றுக்கொண்டது இப்படித்தான். ஏழு மட்டும் அவள் வாயில் எப்போதும் நழுவிவிடும். ஆறு, எட்டு என்று தாவிவிடுவாள். அதனால் எனக்கு முன்பே பத்துக்குப் போய்ச் சேர்ந்து, நான் வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாள்.

நர்சரி பள்ளியில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த டீச்சர், "இருபது வரைக்கும் சொல்லு பாப்பா" என்றார். மகள் நிமிர்ந்து நின்று சொன்னாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்போது, பத்து, கட்."

"பத்துக்கு அப்புறம்?"

"கட்" என்றாள் மறுபடி, டீச்சருக்குக் காது கேட்கவில்லையோ என்பது போல.

வெளியே வந்ததும், கூட வந்திருந்த அத்தை என் தோளில் தட்டிச் சிரித்தார். "இன்னாமா இது, பதினொண்ணே இல்லாத ஊருக்கு புள்ளைய வளத்துகினு கீற." இடம் கொடுத்துவிட்டார்கள். அன்று நானும் சிரித்தேன். அன்று சிரித்ததை இப்போது நினைத்தால் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறேன்.

படிப்பின் கடைசியில் ஆளுக்கொரு பத்து நிமிடப் படம் எடுக்க வேண்டும். மூடிக்கிடக்கும் சுரங்க ஷாஃப்ட்டை நான் எடுப்பேன் என்று எல்லாரும் முடிவே செய்துவிட்டார்கள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நர்சரி பள்ளிக்குப் பெரியவர்கள் ஐந்து நிமிடத்தில் போவோம். என் மகள் தனக்குப் பிடித்தபடி நடந்தால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் என்னதான் செய்கிறாள்? அதைத்தான் எடுக்கப்போகிறேன் என்றேன். ஆசிரியை சரி என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். குழந்தையோடு பேசக்கூடாது, நிறுத்தச் சொல்லக்கூடாது, தள்ளி நின்று பின்னாலேயே போக வேண்டும். நடையின் சத்தம் முக்கியம் என்பதால் அவள் காலரில் ஒரு சின்ன மைக், பாக்கெட்டில் ஒரு சின்ன ரெக்கார்டர். படம் கேமராவில் பதியும், சத்தம் தனியாக ரெக்கார்டரில் பதியும். பிறகு இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். பொருத்துவதற்கு அடையாளமாக ஆரம்பத்தில் ஒருமுறை கை தட்ட வேண்டும். அந்த வேலையை மகளே எடுத்துக்கொண்டாள்.

வகுப்பு இல்லாத காலைகளாகப் பார்த்து ஆறு நாள் எடுத்தேன். பேசாமல் இருப்பதால் எண்ணிக்கையும் எனக்குள்ளேயே நடந்தது. ஆறாவது நாள் காலை, சைனைட் மேட்டுக்கு எதிரே உள்ள மோரிக்கு, கால்வாய்மேல் கட்டிய சின்னப் பாலத்துக்கு, வந்தாள். சைனைட் மேடு என்பது தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண், மலை மாதிரி நிற்கும். தூசி பறக்கும், அங்கே புள்ளையைக் கூட்டிப் போகக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. நான் மேட்டுக்குப் போகவில்லை. சாலையில்தான் நின்றேன். மேடு அவளுக்குப் பின்னணியில் வெள்ளையாக நன்றாக விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மோரியின் கைப்பிடிச் சுவர் என் முழங்கால் உயரம். அதன்மேல் ஏறி, கைகளை விரித்து நடப்பது அவள் வழக்கம். அந்த இடத்தில் மட்டும் எப்போதும் நான் பக்கத்தில் நடந்து, தொடாமல் ஒரு கையை நீட்டி வைத்திருப்பேன். அன்று என் இரண்டு கையும் கேமராவில் இருந்தன. அவள் பாதி தூரம் நடந்தாள். கால் இடறியது. எனக்கு முதுகைக் காட்டியபடி முன்பக்கமாகச் சரளையில் விழுந்தாள்.

நான் எண்ண ஆரம்பித்தேன்.

வேறு எப்படியும் இதை எழுதத் தெரியவில்லை. நடக்க வேண்டியது நடந்து முடிந்தது, எண்ணிக்கை தானாக ஆரம்பித்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகம் தெரியவில்லை, முதுகும் இரண்டு குட்டிச் சடைகளும் மட்டும் தெரிந்தன. அழவில்லை. அழாததால் அடி இல்லை என்று நினைத்தேனா? அப்படி நினைத்ததாகத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பத்து வந்தது. நிறுத்தினேன். பிறகுதான் ஓடினேன். நான் தொட்டதும்தான் அவள் அழுதாள். முகவாயில் சதை பிளந்து கவுன் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

கிளினிக்கில் இரண்டு தையல் போட்டார்கள். கணவர் வேலையில் இருந்தார். அத்தை ஆட்டோவில் வந்து இறங்கியதும் என்னிடம் கேட்டார். "நீ எங்கமா இருந்த?"

"பக்கத்துலதான் அத்த. விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்கிட்டேன்."

அதுதான் நான் சொன்னது. என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு டாக்டர், "படம் எடுக்குறேன்னு குழந்தையைக் கவனிக்காம விட்டுட்டீங்களா?" என்றார். நான் வாய் திறக்கும் முன் அத்தை முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்ல சார். அவ அம்மாக்காரி பக்கத்துலயேதான் கீறா. வியுந்த உடனே தூக்கிட்டா. புள்ளைனா வியத்தான் செய்யும், நீங்க வியுந்ததே இல்லியா?"

லைனில் குழாயடியில் பேச்சு வராமல் இருக்குமா? "உன் மருமவ சினிமா எடுத்துகினே புள்ளைய தள்ளிவுட்டாளாமே" என்று எதிர்வீட்டு அம்மா ஆரம்பித்தார். அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு, டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தைகளை இன்னும் உரத்த குரலில் சொன்னார். உள்ளே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

அந்த ஷாட்டைத் திரைப்படப் பள்ளியில் பலமுறை போட்டுப் பார்த்தேன், சத்தம் இல்லாமல். ரெக்கார்டரில் இருந்ததைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடிட்டுக்கு உதவிய வகுப்புத் தோழி ஒரு மதியம், "அக்கா, ஆறாவது நாள் சவுண்ட் மட்டும் பொருத்தாம கிடக்கு, நானே பொருத்திடறேன்" என்றாள். கை தட்டும் இடத்தைப் பிடித்தாள், ஓடவிட்டாள். செருப்புச் சத்தம், மூச்சு, தனக்குத்தானே ஏதோ பாட்டு. பிறகு சரளைச் சத்தம். தோழி ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க கேக்கணும்" என்று என் காதில் வைத்தாள்.

மகள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அழுகையை விழுங்கி விழுங்கி, கிசுகிசுப்பாக. ஒண்ணு. ரெண்டு. மூணு. ஆறுக்குப் பிறகு எட்டு. அதனால் அவள் எனக்கு முன்பே பத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். "கட்" என்றாள். எனக்குள் நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன். "கட்" என்றாள் மறுபடி. பிறகு, "அம்மா, கட்." அதன் பிறகு என் காலடிச் சத்தம் வருகிறது.

நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது தோழி ஆசிரியையைக் கூப்பிட்டுக் கேட்கவைத்திருக்கிறாள். ஆசிரியை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார், "இதை நான் சொல்லக்கூடாது. ஆனால் உங்கள் படம் அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் போகிற வழி." இன்னும் கொஞ்சம் கழித்து, "வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள். மதிப்பெண் குறையாது" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் அந்த ஷாட் இருக்கிறது. மற்றொன்றில் அவள் சுவரில் ஏறுவதோடு வெட்டி, நர்சரி பள்ளி வாசலுக்குப் போய்விடுகிறேன். இரண்டாவது நன்றாகத்தான் இருக்கிறது. பார்ப்பவர்கள் புன்னகைப்பார்கள். ஒரு குழந்தை சாலையில் நடக்கிறது, அவ்வளவுதான். என் போன் வீடியோக்களைப் போல.

முதல் பிரதியில்தான், நான் தேடிப்போன அந்த வித்தியாசம் தொலையாமல் இருக்கிறது. இப்படி நினைக்கும்போதே எனக்கு என்மேல் சந்தேகம் வருகிறது. உண்மை என்பதால் அதை வைக்க நினைக்கிறேனா, நன்றாக வந்திருக்கிறது என்பதாலா?

கணவர் இரண்டையும் லேப்டாப்பில் பார்த்தார். முதலாவதைப் பார்க்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டார். "வெட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். கொஞ்ச நேரத்தில், "இல்ல, உன் இஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு, "எனக்குக் காட்டியிருக்கவே வேணாம்" என்றார். மூன்றும் ஐந்து நிமிடத்துக்குள்.

திரையிடலுக்குக் குடும்பத்தினரை அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை அதற்குள் லைன் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாவையும் சேர்த்து ஆறு பேர் ரயிலேறி வருவதாக ஏற்பாடு. "வந்து பாரு, என் மருமவ இன்னா எடுத்துகீறானு" என்று அவரிடமே சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் மகளை முடிவெட்டக் கூட்டிப் போயிருந்தபோது, அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எண்ணியதை, நின்றதை, பிறகு ஓடியதை. மகள் எண்ணியதை மட்டும் நான் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து கேட்கவைத்தேன்.

கேட்டு முடித்ததும் அவர் பூண்டுத் தோலை முந்தானையிலிருந்து தட்டினார்.

"பத்து எண்றதுக்கு எத்தினி நேரம் ஆவும்?"

"பத்து செகண்டு அத்த."

"எண்ணு, பாக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. "எண்ணுமா" என்றார். எண்ணினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மோரிக்குப் பக்கத்தில் பத்து வந்ததே தெரியவில்லை. அத்தைக்கு முன்னால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலேயே ஒரு தெரு நீளம் இருந்தது. ஐந்து சொன்னபோது கையைத் தூக்கினார்.

"போதும்."

மீதிப் பூண்டையும் உரித்து முடித்தார். எழுந்திருக்கும்போது சொன்னார், "நீ என்கிட்ட ஒரு தபாதான் பொய் சொன்ன. நான் டாக்டருகிட்ட சொன்னேன், குயாயில சொன்னேன், எத்தினி பேருகிட்ட சொன்னேன்! இப்போ அவங்கள எல்லாம் நானே ரயிலு ஏத்தி கூட்டிகினு வந்து காட்டணுமா?"

"வர வேணாம்னு சொல்லிடட்டுமா அத்த?" என்றேன்.

"சொன்னா மட்டும்?" என்றார். போய்விட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல எனக்கு டப்பா கட்டிவைத்திருந்தார். சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்தார். "சாப்டா, தூங்கி எயுந்தா." அறிக்கை மட்டும் சின்னதாகிவிட்டது. ஷிப்ட் மாத்து என்று சொல்வதில்லை. யாரையும் வர வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதுதான் என்னை எங்கேயும் நிம்மதியாக உட்காரவிடாதது. கேமராவைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வீட்டில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மகள் நிறுத்தவில்லை. போன வாரம் தலை வாரும்போது சிக்கு இழுத்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணில் நீர் நிற்க, உதடு மட்டும் அசைந்தது. ஆறு, எட்டு, ஒம்போது. "வலிச்சா உடனே அழுதுடணும் கண்ணு, எண்ணக் கூடாது" என்றேன். "கட் சொல்லலையே நீ" என்றாள். இப்போது அவளைத் தூக்கும்போதெல்லாம், தேவையே இல்லாமல், "கட், கட்" என்று சொல்லிக்கொண்டே தூக்குகிறேன். அவளுக்கு அது புது விளையாட்டு, சிரிக்கிறாள். முகவாயில் தழும்பு தெரிகிறது.

படத்தை முடித்துக் கொடுக்க அடுத்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. ஷாட்டை வைத்தால், என் மாமியார் எனக்காகக் கொடுத்த வாக்கு அத்தனை பேர் முன்னால் பொய்யாகும். பெரியவளாகும் என் மகளும் ஒருநாள் அந்தப் படத்தைப் பார்ப்பாள். வெட்டினால், "அம்மா, கட்" என்று அவள் கூப்பிட்டது என் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருக்கும், நான் ஓடிப்போய்த் தூக்கியதாகவே ஊரில் நிலைக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் அம்மாக்கள் இருப்பீர்கள். மருமகளுக்காக எங்காவது நின்று பேசிய மாமியார்கள் இருப்பீர்கள். சின்ன வயதில் நீங்கள் அழுததை, விழுந்ததை யாராவது எடுத்துவைத்து, வளர்ந்த பிறகு அதைப் பார்த்தவர்களும் இருக்கலாம். உங்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். பார்த்தபோது கேமராவுக்குப் பின்னால் நின்றவர்மேல் உங்களுக்கு என்ன தோன்றியது? நான் எந்தப் பிரதியைக் கொடுக்கட்டும்? என் அத்தையிடம் இதற்கு மேல் என்ன சொல்லட்டும்? தயவுசெய்து எழுதுங்கள். எனக்கு வருத்தமாக இருக்குமே என்று பார்க்க வேண்டாம்.